தவிக்கலேன்னா தண்ணி வேண்டாமா?



கோடை வந்தால் போதும், நம்ம பத்திரிகைகளில் தர்பூசணி ஜூஸ், நன்னாரி சர்பத், முகத்துக்கு வெள்ளரிக்காய் என்று குறிப்புகள் வரிசை கட்டி வந்துவிடும். படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் வேலைக்குப் போகும் எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண்களுக்கு வேண்டியது அது இல்லை. உடம்பில் தண்ணி குறையுது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அது ஏன் நம்ம பெண்களுக்கே அதிகம் வருது என்பதுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லணும். டாக்டர்கள் "நீர்ச்சத்துக் குறைவு" என்று சொல்கிறார்களே, அதற்கு எங்க ஊரில் பேரே கிடையாது. ஆனால் அதன் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு பேர் உண்டு! தலை சுற்றினால் பித்தம். ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் சூடு பிடிச்சிருக்கு. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் வாயு. மத்தியானம் மண்டையைப் பிளந்தால் வெயில் தலைக்கு ஏறிடுச்சு. கைக்குழந்தை துவண்டு கிடந்தால் உரம் விழுந்திருக்கு. வயசானவங்க சம்பந்தம் இல்லாமல் பேசினால், பாவம், வயசாயிடுச்சு!

பேர் இருப்பதால் வைத்தியமும் தனித்தனி. பித்தத்துக்கு எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பது, சூட்டுக்குக் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவது, வாயுவுக்குப் பூண்டு. இதற்கெல்லாம் வேறு காரணமும் இருக்கலாம்தான். ரத்தம் கம்மியாக இருந்தாலும் தலை சுற்றும், நீர்த்தாரையில் கிருமி இருந்தாலும் எரியும். நான் பாட்டி வைத்தியத்தைப் பழிக்க வரலை. வெந்தயத்தை மோரில் போட்டுக் குடி என்று சொன்ன கிழவிக்கு விவரம் தெரியும். வெந்தயத்தோடு மோரும் உள்ளே போகுதே! ஆனால் இத்தனை பேர் சூழ்ந்து நின்று யோசனை சொல்கிற இடத்தில், "காலையிலேருந்து எத்தனை செம்பு தண்ணி குடிச்சே?" என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

எங்க பக்கத்து வீட்டு மதினிக்கு நாற்பது வயசு இருக்கும். பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போவாங்க, வேலை போட்டால் கண்மாய் வெட்டுக்கும் போவாங்க. ஒரு வருஷம் பூராவும் "தலைவலி, தலைவலி" என்று மாத்திரை போட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒருநாள் வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிற்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா பிரஷர் பார்த்தாங்க, நாக்கை நீட்டச் சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி... "காலையிலேருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க?"

மதினி என்னைப் பார்த்தாங்க, நான் மதினியைப் பார்த்தேன். "போகல டாக்டர். வீட்டுக்கு வந்துதான் போவேன்" என்றாங்க. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும்!

டாக்டரம்மா திட்டவில்லை. பொறுமையாக விளக்கினாங்க. ஐம்பது கிலோ இருக்கும் ஒரு பெண்ணின் உடம்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலே, அதாவது எடையில் 100-க்கு 2 பங்கு போனாலே, தலை வலிக்கும், சோர்வு வரும், கவனம் சிதறும். கோடை வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர், சில சமயம் ஒரு லிட்டர்கூட வியர்வையாகப் போய்விடும். அப்படியென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே அந்த எல்லையைத் தாண்டியாச்சு என்று அர்த்தம்.

இதில் எங்க ஊர் வெயிலுக்கு ஒரு தந்திரம் இருக்கு. சென்னைக்காரங்களுக்கு வியர்த்தால் சேலை நனைந்து ஒட்டும், அதனால் தெரியும். எங்க பக்கம் காத்து காய்ந்த காத்து. வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டு வேலை செய்வாங்க. ரவிக்கையின் முதுகுப் பக்கத்தைப் பாருங்க... வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அத்தனை உப்பு வெளியே வந்திருக்கு என்றால் எத்தனை தண்ணி வந்திருக்கும்! துவைக்கும்போது இதைத் தினமும் பார்க்கிறோம், கறை என்றுதான் நினைக்கிறோம்.

இன்னொன்று, தவிப்பு. எங்க பக்கம் தாகம் எடுக்குது என்று சொல்ல மாட்டோம், "தண்ணி தவிக்குது" என்போம். தவிச்சால் குடிக்கணும் என்பது எல்லாருக்கும் தெரியும். தவிக்கலை என்றால் வேண்டாம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் ஏமாந்து போறோம். உடம்பில் தண்ணி கணிசமாகக் குறைந்த பிறகுதான் பலருக்குத் தவிப்பே வருது. வேலை மும்முரத்தில் அதுவும் தெரியாது. வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவங்களுக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பதால் சுத்தமாகத் தெரியாது.

சரி, தண்ணி ஏன் குடிக்க மாட்டேன் என்கிறாங்க? தண்ணி கிடைக்கலை என்பது ஒரு காரணம்தான். எங்க பூமி வானம் பார்த்த பூமி. ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று திருச்சுழி வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் தெரியும். ஊரை ஒட்டிப் போகும் குண்டாறு மழைக்காலத்தில் மட்டும்தான் ஆறு. பல கிராமங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வருது, வாயில் வைக்க முடியாது. குடம் காசு கொடுத்து வாங்குகிற தண்ணியை வீட்டு ஆம்பளைக்கும் பிள்ளைக்கும் மிச்சம் வைத்துவிட்டு, கடைசியில் குடிப்பவள் பொம்பளைதான். இது தெரிந்த கதை.

ஆனால் கையில் தண்ணி பாட்டில் இருந்தும் குடிக்காத பெண்கள்தான் அதிகம் என்று நான் சொன்னால் நம்புவீங்களா? குடிச்சால் போகணும். எங்கே போறது? மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் மறைவு ஏது? சீமைக் கருவேலம் அடர்ந்த இடம் என்றால் முள்ளு, பாம்பு, அதைவிட மோசமாக ரோட்டில் போகிறவன் பார்வை. அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கணக்குப் போட்டு, அரை டம்ளர் டீயோடு நிறுத்திக்கொள்வாங்க. கரிமூட்டம் போடப் போகிறவங்க, பஸ்ஸில் மதுரைக்குப் பூக்கொண்டு போகிறவங்க, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைங்க, எல்லாருக்கும் இதே கணக்குத்தான். ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார நாற்காலி போடணும் என்று 2021-ல் நம்ம மாநிலத்தில் சட்டமே வந்தது. உட்காரவே சட்டம் வேண்டியிருந்தது என்றால், ஒண்ணுக்குப் போக எத்தனை தயக்கம் இருக்கும் பாருங்க.

பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கொண்டுபோன தண்ணி பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டு வருவதைப் பார்த்திருப்பீங்க. கேட்டால் "பாத்ரூம் நல்லா இல்லம்மா" என்று சொல்லும். 2019-ல் கேரளத்துப் பள்ளிகளில் தண்ணி குடிக்கவே தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள். 2025-ல் நம்ம தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அந்த ஏற்பாடு வந்தது. ரொம்ப நல்ல காரியம். ஆனால் மணி அடித்துக் குடிக்க வைத்துவிட்டு, கழிப்பறையில் தண்ணி வரலை என்றால் அந்தப் பிள்ளை நாளைக்கும் குடிக்காது.

இது எங்க ஊர் பொம்பளைங்க சும்மா சொல்கிற புலம்பல் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவங்க படும் பாடு நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்துப் பேராசிரியை வித்யா வேணுகோபாலும் அவர் குழுவும் பரிசோதித்து 2023-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் உடம்பு தாங்கும் அளவுக்கு மீறிய சூட்டில் வேலை செய்தார்களாம். 100-க்கு 7 பேருக்குச் சிறுநீரகம் வேலை செய்யும் திறன் குறைந்திருந்ததாம். படித்ததும் எனக்கு மதினியின் தலைவலி மாத்திரைதான் ஞாபகம் வந்தது. தண்ணி குடிக்காமல், வெயிலில் நின்று, வலி மாத்திரையும் போட்டால் கிட்னிக்கு மூன்று பக்கமும் அடி. கல் அடைப்பு, நீர்க்கடுப்பு என்று நம்ம பகுதியில் இத்தனை பேர் அலைவதில் இதற்கும் பங்கு உண்டு.

இனி எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். கூச்சப்படாமல் படியுங்கள். ஒன்றுக்குப் போகும்போது நிறத்தைக் கவனியுங்கள். வைக்கோல் தண்ணி மாதிரி லேசான மஞ்சள் என்றால் பரவாயில்லை. கடுகெண்ணெய் மாதிரி, பால் ஊற்றாத டீ மாதிரி அடர்ந்து, வாடை தூக்கலாக, கொஞ்சமாகப் போனால் தண்ணி பத்தலை. (சத்து மாத்திரை சாப்பிடுகிறவங்களுக்குப் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்.) விழித்திருக்கும் நேரத்தில் ஆறு ஏழு மணி நேரம் போகவே தோணலை என்றாலும் அதே கதைதான். அப்புறம் உதடு வெடிப்பது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டுவது, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுவது, நெஞ்சு படபடப்பது, காரணமே இல்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது... சிரிக்காதீங்க, கடைசியில் சொன்னதும் உண்மைதான்!

வேலைக்கு நடுவில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் என்பதுதான் வெயிலில் வேலை செய்கிறவங்களுக்குச் சொல்லும் கணக்கு. ஒரே மூச்சில் ஒரு குடத்தைக் குடித்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா இருப்பது சரிப்படாது. அதேபோல வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடம்பில் உப்பு நீர்த்துப் போய் அதுவும் ஆபத்து. இதில் நம்ம முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். உப்புப் போட்ட நீராகாரம், கம்மங்கூழில் மோர், தொட்டுக்க உப்பு மிளகாய். தண்ணியும் உப்பும் சேர்ந்தே போகும். எங்க அத்தை (மாமியார்) இன்றைக்கும் காலையில் ஒரு செம்பு நீராகாரம் குடிக்காமல் வாசல் தாண்ட மாட்டாங்க. பிரஷர் இருக்கிறவங்க மட்டும் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டீ குடித்தால் உடம்புத் தண்ணி எல்லாம் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவாங்க. அது மிகை. ஆனால் டீயை மட்டுமே நம்பக் கூடாது.

பிள்ளை பெற்ற வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. "பச்சை உடம்புக்காரி, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று அளந்து அளந்து கொடுப்பாங்க. எங்க சின்னம்மா மகளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான். அதுவும் சித்திரை மாசம், தகரம் போட்ட வீடு. பால் கொடுக்கும் தாயிடமிருந்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போல பாலாகவே வெளியே போகுது. உள்ளே போவது ரெண்டு டம்ளர்! அவளுக்கு மலச்சிக்கல், தலை சுற்றல், எப்போதும் தூக்கம். கிராம சுகாதார நர்ஸ் வந்து பெரியவங்களை உட்கார வைத்துப் பேசினப்புறம்தான் செம்பு அவள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்தது. வயிறு பெருப்பதற்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்லை என்று நர்ஸம்மா அடித்துச் சொன்னாங்க.

அதே நர்ஸம்மா இன்னொன்றும் சொன்னாங்க. ஆறு மாசம் வரைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், எத்தனை வெயில் அடித்தாலும் வெறும் தண்ணி தனியாகக் கொடுக்க வேண்டாம். பாலிலேயே தண்ணி இருக்கு. தாய்க்குத் தண்ணி கொடுங்க, பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்றாங்க.

குழந்தைக்கு வயிற்றால் போகும்போதுதான் நிஜமான ஆபத்து. இங்கேயும் ஒரு நம்பிக்கை இருக்கு, "தண்ணி கொடுத்தா இன்னும் போகும், வயித்தைக் காயப் போடு" என்று. பெரியவங்களைவிடக் குழந்தை உடம்பில் தண்ணிப் பங்கு அதிகம். பிறந்த குழந்தைக்கு முக்கால் பங்கு தண்ணிதான். நாலைந்து முறை பீய்ச்சி அடித்தாலே அது துவண்டுவிடும். எங்க தெருவில் ஒரு குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாக இறங்கி, கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராமல் கிடந்தது. உரம் விழுந்திருக்கு என்று சேலையில் போட்டு உருட்டக் கொண்டு போனாங்க. நல்லவேளை, வழியில் அங்கன்வாடி டீச்சர் பார்த்துவிட்டு வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாங்க. கிள்ளி விட்டால் தோல் உடனே சமமாகணும். அந்தக் குழந்தைக்கு மடிப்பு அப்படியே நின்றது. நேராக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்ததால் பிள்ளை பிழைத்தது.

அதனால் தாய்மார்களே, இதை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்து, டம்ளரைக் கண்டதும் ஆவலாகக் குடிக்கிறது, கண் கொஞ்சம் குழி விழுந்திருக்கு, கிள்ளினால் தோல் மெதுவாகத் திரும்புது என்றால் தண்ணி குறைய ஆரம்பித்துவிட்டது. உடனே கரைசல் கொடுக்கணும். சிணுங்கல்கூட நின்று, துவண்டு, குடிக்கவே முடியாமல், கிள்ளிய மடிப்பு ரெண்டு செகண்டுக்கு மேல் நின்றால் வீட்டில் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகலை, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி என்றாலும் அப்படியே.

கரைசல் என்றதும் ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்லணும். நம்மில் பல பேருக்கு அவர் பேர் தெரியாது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ், வங்காளத்துக்காரர். 1971-ல் பங்களாதேஷ் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தாங்க. பன்காவ் என்ற எல்லை ஊரில் காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோச்சு. அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து தண்ணியில் கலந்து டிரம்மில் வைத்து, நோயாளிகளின் உறவுக்காரங்க கையாலேயே குடிக்க வைக்கச் சொன்னார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே இறங்கியது! சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணியை வேகமாக உள்ளே இழுக்கும், அதுதான் அதன் சூட்சுமம். 1978-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்றே எழுதியது. அவர் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் விருது கொடுத்தாங்க. இருக்கும்போதே கொடுத்திருக்கலாம், என்ன செய்ய!

இத்தனை பெரிய மருந்து அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்குது. இலவசம் என்பதாலேயே நம்ம சனங்களுக்கு அதில் மதிப்பு இல்லை. "பாட்டில் ஏத்துனாத்தான் தெம்பு வரும்" என்பாங்க. குடிக்க முடிகிற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஊசி குத்தி ஏற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். 20.5 கிராம் பெரிய பாக்கெட் என்றால் முழுசையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணியில் கலக்கணும். சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு மட்டும். பெரிய பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி டம்ளரில் போடுகிற வேலை வேண்டாம், அளவு தப்பினால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்து. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடணும். ரெண்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயசு வரை 100 முதல் 200 மில்லி. ஸ்பூனில் நிதானமாகக் கொடுக்கணும், வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டுத் திரும்பக் கொடுக்கணும். கூடவே துத்தநாக மாத்திரையும் தருவாங்க, பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்கணும். தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்தக் கூடாது. பாக்கெட் இல்லாத ராத்திரி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டையும் தலை தட்டி அளந்து போட்டுக் கொடுக்கலாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது.

கடையில் பழ வாசனையோடு அட்டை டப்பாவில் விற்கும் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்துப் பல பேர் வாங்கிக் கொடுத்தாங்க. அதில் சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டத்தான் செய்யும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற அம்மா வருஷக் கணக்கில் இதற்காகப் போராடினார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத எந்தப் பானமும் அந்தப் பேரைப் போடக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஒரு பெண் தனியாக நின்று சாதித்ததைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வயசானவங்க விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அவங்களுக்குத் தவிப்பே சரியாகத் தெரியாது. ராத்திரி எழுந்து போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே குடிக்க மாட்டாங்க. பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுவாங்க, சர்க்கரை கூடினால் ஒன்றுக்கு அதிகம் போகும். தோலைக் கிள்ளிப் பார்க்கிற சோதனை சுருங்கின தோலில் சரியாகச் சொல்லாது, நாக்கைத்தான் பார்க்கணும். நேற்று வரை தெளிவாகப் பேசினவங்க இன்றைக்குப் பேரனைப் பேர் மாற்றிக் கூப்பிட்டால் வயசு என்று விட்டுவிடாதீங்க. இருதயம், கிட்னி கோளாறு உள்ளவங்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான். வெயிலில் இருந்து வந்தவங்க உடம்பு அனலாகக் கொதித்து, உளறி, மயங்கினால் 108-க்குச் சொல்லிவிட்டு, நிழலில் கிடத்தி, மேலெல்லாம் தண்ணி ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவங்க வாயில் தண்ணி ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும்.

2024 அக்டோபரில் நம்ம மாநிலத்தில் வெப்ப அலையைப் பேரிடர் என்றே அரசு அறிவித்தது. கோடையில் பஸ் ஸ்டாண்டில் கட்சிக்காரங்க தண்ணீர்ப் பந்தலும் வைக்கிறாங்க. திறப்பு விழா அன்றைக்குத் தர்பூசணி, மறுவாரம் வெறும் பானை, அதற்கப்புறம் தலைவர் படம் மட்டும் மிச்சம்! குறை சொல்லி என்ன, வைக்கிற மனசாவது இருக்கே. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்திலேயே வேலை நடக்கும் இடத்தில் குடிதண்ணி, நிழல், முதலுதவிப் பெட்டி இருக்கணும் என்று எழுதியிருந்தது. மறைவிடம் பற்றித்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

எங்க மதினி அதற்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதினைந்தாம் நாள் மறுபடி மிளகாய்க் காட்டுக்குப் போனபோது, நாலு கருவேலங் கம்பும் ரெண்டு பழைய சேலையும் கொண்டு போனாங்க. வரப்பு ஓரமாகக் கம்பை ஊன்றிச் சுற்றிக் கட்டி, ஒரு மண்வெட்டியையும் உள்ளே வைத்தாச்சு. கூட வேலை பார்த்த பதினோரு பேரும் முதல் நாள் சிரிச்சாங்களாம். மூணாம் நாள் ஆளுக்கொரு ரெண்டு லிட்டர் பாட்டில் வந்துவிட்டது. காட்டுக்காரர் வந்து, "என்னத்தா இது, கூடாரம் போட்டிருக்கீக?" என்று கேட்டிருக்கார். மதினி நிமிராமலே பழம் பறித்துக்கொண்டு, "உங்க காட்டுல தண்ணி குடிக்க இடம் இல்லேல்ல அண்ணாச்சி, அதான் கட்டியிருக்கோம்" என்றாங்களாம்.

— ஒரு வாசகி, திருச்சுழி வட்டம்